ஐந்தாவது ஏன்

போன வாரம் நம் ஸ்கேல் மேடத்தைக் குளியலறைக் கண்ணாடி முன்னால், வாயில் பற்பசை நுரையோடு நிற்க வைத்துவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அங்கேயேதான் நிற்கிறாள். நுரை காய ஆரம்பித்துவிட்டது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். ஸ்கேல் மேடம் என்பது ஆபீஸில் வைத்த பெயர். வீட்டில் அவள் அக்கா. கதிரியக்கத்தை அளந்து சொல்லும் ஆய்வகம் ஒன்றில் தர மேலாளர். குடிநீர், பால் மாவு, மண், கட்டடக் கல் என்று எது வந்தாலும் அதில் கதிரியக்கம் எவ்வளவு என்று அங்கே அளக்கிறார்கள். அளந்தவர்கள் சரியாக அளந்தார்களா என்று பார்ப்பது இவள் வேலை. எதிரில் இருப்பவரின் பேனா கோணலாகக் கிடந்தால் அதை நேராக்கிவிட்டுத்தான் பேச்சையே ஆரம்பிப்பாள். பெயர் சும்மா வரவில்லை.

அப்படிப்பட்டவள் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறை ஒரே பொடியை ஒரே மாதிரி ஜாடிகளில் போட்டு, சீல் வைத்து, பல ஆய்வகங்களுக்கும் அனுப்பிவைப்பார்கள். அதில் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் எவ்வளவு என்பது அனுப்பியவர்களுக்கு மட்டுமே தெரியும். ஒவ்வோர் ஆய்வகமும் தனியாக அளந்து விடை சொல்ல வேண்டும். ஒருவரோடு ஒருவர் அதைப் பற்றிப் பேசவே கூடாது. பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சை எட்டிப் பார்க்கக் கூடாது என்பது போலத்தான். இதில் தேறினால்தான் ஆய்வகத்தின் அங்கீகாரம் நிற்கும். அங்கீகாரம் போனால் இவர்கள் தரும் எந்த எண்ணையும் யாரும் நம்ப வேண்டியதில்லை.

ஒரு சனிக்கிழமை, யாரும் இல்லாத நேரத்தில் அக்கா கணக்குப் பார்த்தாள். அறுபத்திரண்டு வந்தது. மறுநாள் வீட்டுக்கு வந்த தம்பி, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, "எங்களுக்கு எழுபத்தொண்ணு" என்று வாய் தவறிச் சொன்னான். அவனுக்கும் இதே தொழில்தான். இன்னும் பெரிய ஆய்வகம், இன்னும் பெரிய நாற்காலி.

அக்கா மடித்த துணியை அலமாரியில் வைத்தாள். திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் ஆபீஸுக்குப் போனாள்.

ஜாடியில் பொடி கழுத்துக் கோடு வரை இல்லை. ஒரு விரற்கடை குறைவு. ஜாடி நிறைந்திருந்தால் ஒரு கணக்கு, குறைந்திருந்தால் வேறு கணக்கு. இரண்டும் கம்ப்யூட்டரில் தனித்தனிக் கோப்புகளாக இருந்தன. அக்கா சரியான கோப்பை நீக்கிவிட்டு, நிறைந்த ஜாடிக்கான கோப்பைப் போட்டுப் பார்த்தாள். எழுபத்தொன்று. அச்சு அசலாகத் தம்பியின் எண்.

நிறையத்தான் அனுப்பியிருப்பார்கள், வரும் வழியில் குலுங்கி அமுங்கியிருக்கும் என்று தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அமுங்கினாலும், அளக்கும்போது இருக்கிற உயரம்தான் கணக்கு என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். அவளே எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். தெரிந்துதான் செய்தாள். கோப்பை அப்படியே விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

பிறகு வேலைக்கு வந்தாள் பாட்டுக்காரி. அளக்கும் அறையின் பொறுப்பு அவளுடையது. டிடெக்டர் ஓடும்போதெல்லாம் ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டே இருப்பதால் அந்தப் பெயர். ஜாடியை டிடெக்டரில் வைத்த அன்று தான் போட்ட கோப்பு மாறியிருந்ததை அவள் கவனிக்கவில்லை. கணக்கைப் போட்டாள், கையெழுத்துப் போட்டாள், விடை போய்விட்டது.

சரியான விடை அறுபத்தொன்று, ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம் என்று போன மாதம் முடிவு வந்தது. ஆய்வகம் தோற்றது. அதைவிடப் பெரிய கொடுமை, ஜாடியை வைத்த அன்று தான்தான் தப்பான கோப்பைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகப் பாட்டுக்காரி நம்பினாள். நம்பி, அழுது, மன்னிப்பும் கேட்டாள்.

நம் ஸ்கேல் மேடம் அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்.

இன்றைக்கு அங்கீகாரத்துக்கான ஆடிட். போதும், வாயைக் கொப்பளித்துவிட்டு வெளியே வரட்டும்.

கூடத்தில் அப்பா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் படியிறங்கும் சத்தத்தை வைத்தே நேரம் சொல்வார்.

"இன்னிக்கு லேட்டும்மா நீ."

"ஆடிட்டுப்பா. கொஞ்சம் டென்ஷன்."

"தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயேன். அவனுக்கு இதெல்லாம் தலைகீழ்ப் பாடம்."

அக்காவுக்குத் தம்பியைவிட இரண்டு வயது அதிகம். பள்ளிக்கூட நாளிலிருந்தே அவள் போட்ட கணக்கு சரியா என்று அவனிடம் காட்ட வேண்டும். 'எதுக்கும் தம்பிகிட்ட காட்டிடு' என்பது அந்த வீட்டில் சாப்பிடு, தூங்கு என்பது மாதிரி ஒரு வார்த்தை. அப்பா கெட்டவர் இல்லை. மகள்மேல் உயிர். அவளுக்குக் கணக்கு வரும் என்பது மட்டும் அவர் மண்டையில் ஏறவே இல்லை. கணவர் வெளியூர் வேலையில் இருப்பதால் அவள்தான் அப்பாவைப் பார்த்துக்கொள்கிறாள். மருந்து டப்பாவில் அவள் போட்டு வைத்த மாத்திரைகளையும் தம்பி வந்து ஒருமுறை எண்ணிப் பார்த்தால்தான் அவருக்குத் திருப்தி.

கேட்கப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் தம்பி வந்து நின்றான். கையில் அப்பாவின் கண் சொட்டு மருந்து. அதை மேஜையில் வைத்துவிட்டு, "அக்கா, ஒரு நிமிஷம்" என்று சமையலறைக்குள் போனான்.

"அந்த ஞாயித்துக்கிழமைப் பேச்சை விட்டுடு" என்றான், குரலைத் தாழ்த்தி.

"எந்தப் பேச்சு?"

"தெரியாத மாதிரி கேக்காதே. நான் எண்ணைச் சொன்னது தப்புதான். வாய்க் கொழுப்பு. ஆனா நீ உன் பாட்டுக்கு அளந்தே, நான் என் பாட்டுக்கு அளந்தேன். ரெண்டு பேருக்கும் ஒரே தப்பு. ஒரே வயித்துல பொறந்தவங்கதானே?" சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை.

"முடிவுல ஆய்வகத்துப் பேரே இருக்காது. வெறும் நம்பர்தான். யாருக்கும் தெரியப் போறதில்லை. எங்களுக்கு அடுத்த வாரம் ஆடிட். இந்தத் தடவை என்னைத்தான் டெக்னிகல் ஹெட்டா போடப் போறாங்க. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "உங்க ஜாடியிலயும் பொடி குறைச்சலாத்தானே இருந்துச்சு? நீ பாக்கலையா?"

தம்பி குழாயைத் திறந்தான். உடனே மூடினான். "இருந்திருக்கும்."

"இருந்திருக்கும்னா? நீதானே அளந்தே?"

"அளந்தேன், அளந்தேன். காலங்காத்தால நீயே ஆடிட்டர் மாதிரி குடையாதே."

எனக்கு முதலில் அறுபத்திரண்டுதான் வந்தது என்று சொல்ல அக்காவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. வெட்கம் பிடித்து இழுத்தது. தப்பு செய்தேன் என்று சொல்லக்கூட ஒரு கௌரவம் மிச்சமிருக்கும். சரியாகச் செய்து வைத்திருந்ததை உன் எண்ணைப் பார்த்து அழித்தேன் என்று இந்த வயதில் எப்படிச் சொல்வது?

"நேரமாச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

"கேட்டுக்கிட்டியாம்மா?" என்று கூடத்திலிருந்து அப்பா குரல் கொடுத்தார்.

ஆடிட்டர் ஒல்லியான மனிதர். வெந்நீர் பிளாஸ்க்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். இயக்குநர் டீ வரவழைத்தபோது கையைக் காட்டி மறுத்துவிட்டார். "டீ குடிச்சா பாராட்டத் தோணும் சார்" என்றார். இயக்குநர் பலமாகச் சிரித்தார். ஆடிட்டர் சிரிக்காததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

காலை முழுக்க எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. தராசுகள் சரி. ஊழியர் பயிற்சி சரி. ஒவ்வொரு கேள்விக்கும் ஸ்கேல் மேடம் யோசிக்காமல் பதில் சொன்னாள். இத்தனை வருஷம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்த ஆய்வகம் இது. ஒவ்வொரு 'சரி' வரும்போதும் சந்தோஷப்பட முடியாமல் உள்ளே குறுகிப் போனாள்.

மதியத்துக்கு மேல் அளக்கும் அறைக்குப் போனார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் ஒட்டும் பாயில் கால் வைத்து, உள்ளே. அந்த அறை எப்போதும் குளிராகவே இருக்கும். நடுவில் டிடெக்டர். வெளியிலிருந்து வருகிற கதிர் எதுவும் உள்ளே நுழையாதபடி அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்கு ஈயச் சுவர். மேல்மூடியை இழுக்க இரண்டு கையும் வேண்டும். சுவரில் ஒரு நீளமான வரைபடம், மேலேயும் கீழேயும் சிவப்புக் கோடு. தினமும் காலையில் அளவு தெரிந்த ஒரே கதிரியக்க வில்லையை டிடெக்டரில் வைத்து அளந்து, அன்றைய புள்ளியை அதில் வைப்பார்கள். புள்ளி இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தால் அன்றைக்கு டிடெக்டரை நம்பலாம்.

ஆடிட்டர் அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். "அழகா இருக்கு" என்றார். பிறகு மூலையில் திரும்பினார்.

அங்கே தொட்டியருகே பாட்டுக்காரி ஜாடி கழுவிக்கொண்டிருந்தாள். பாட்டு இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

"இவங்கதானே இந்த அறைக்குப் பொறுப்பு? ஏன் ஜாடி கழுவறாங்க?"

இயக்குநர் முந்திக்கொண்டார். "அந்த சீசியம் விஷயம் சார். இவங்களை அளக்கிற வேலையிலேர்ந்து நிறுத்தி வெச்சிருக்கோம். காரணம் கண்டுபிடிச்சு, நடவடிக்கையும் எடுத்தாச்சு."

"என்ன காரணம்?"

"ஊழியரின் கவனக்குறைவு" என்றார் இயக்குநர், மனப்பாடமாக. அந்த இரண்டு வார்த்தையை எழுதிக் கொடுத்தது யார் என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆடிட்டர் பிளாஸ்க்கைத் திறந்து ஒரு வாய் வெந்நீர் குடித்தார். "கவனக்குறைவுங்கறது காரணம் இல்லை சார். அது திட்டு. காரணம் வேணும்னா ஏன், ஏன்னு கேட்டுக்கிட்டே போகணும். அடி தட்டற வரைக்கும். மேடத்துக்குத் தெரியாததா?"

மேடத்துக்குத் தெரியும். ஒரு தப்பு நடந்தால் ஐந்து முறை ஏன் என்று கேள், மூன்றாவதில் நின்றால் ஆள்மேல் பழி விழும், ஐந்தாவதில்தான் வேர் தெரியும் என்று புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

ஆடிட்டர் பாட்டுக்காரியிடம் போனார். "சொல்லுங்கம்மா. தப்பான கோப்பு எப்படி வந்துச்சு?"

பாட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டாள். "நான்தான் சார். ஜாடியை வைக்கும்போது மாத்திப் போட்டிருக்கேன்."

"ஏன்?"

"தெரியல சார். பொடி குறைச்சலா இருக்குன்னு பாத்தது நல்லா ஞாபகம் இருக்கு. குறைச்சலுக்கான கோப்பைத்தான் போட்டேன்னு மனசு சொல்லுது. ஆனா மறுபடி பாக்கறப்ப நிறைஞ்ச ஜாடிக்கானதுதான் இருந்துச்சு. அப்போ நான்தானே போட்டிருக்கணும்?" கழுவிய ஜாடியையே மறுபடி கையில் எடுத்தாள். "வீட்டுல கேஸை அணைச்சேனான்னு மூணு தடவை எழுந்து போய்ப் பாக்கறேன் சார் இப்பல்லாம். மேடம் நல்லவங்க. ஒரு வார்த்தை கத்தலை."

மேடம் நல்லவங்க.

ஸ்கேல் மேடத்துக்கு அந்த அறையின் குளிர் எல்லாம் எங்கோ போய்விட்டது. காது மடல் எரிந்தது. முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் சுவர் வரைபடத்தைப் பார்த்தாள். ஒழுங்கான புள்ளிகள். எல்லாம் பாட்டுக்காரியின் கையால் வந்த புள்ளிகள். சிவப்புக் கோட்டை ஒன்றுகூடத் தாண்டவில்லை.

"அவங்க போடலை" என்றாள்.

இயக்குநர் திரும்பினார். "என்ன மேடம்?"

"அவங்க சரியான கோப்பைத்தான் போட்டாங்க. நான் மாத்தினேன்."

ஆடிட்டருக்கு ஆச்சரியம் வந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். அவள் உட்காரவில்லை.

"ஏன் மாத்தினீங்க?"

"எனக்கு வேற எண் வந்துச்சு. அறுபத்திரெண்டு. அது தப்புன்னு நினைச்சேன்."

"ஏன் தப்புன்னு நினைச்சீங்க?"

"இன்னொரு ஆய்வகத்து எண் காதுல விழுந்துச்சு. எழுபத்தொண்ணு."

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மேடம், என்ன பேசறீங்கன்னு தெரிஞ்சுதான் பேசறீங்களா?"

"தெரியும் சார். விதி எழுதினதே நான்தானே."

"காதுல விழுந்தா விழட்டும்" என்றார் ஆடிட்டர். அவர் குரல் ஏறவே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. "உங்க கையில டிடெக்டர் இருக்கு. ஜாடி இருக்கு. பொடி குறைச்சல்னு கண்ணால பாத்திருக்கீங்க. அப்பறம் ஏன் அந்த எண்ணை எடுத்துக்கிட்டீங்க?"

"அவங்க என்னைவிடத் திறமைசாலி. அவங்களுக்கு வந்ததுதான் சரியா இருக்கும்னு..."

"ஏன்?"

அதுதான் ஐந்தாவது. மற்றவர் எண்ணினார்களோ இல்லையோ, அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதில் தெரியும். ஆனால் அது இந்த அறையில் சொல்லக்கூடிய பதில் இல்லை. நான் போட்ட கணக்கை எங்கள் வீட்டில் யாரும் அப்படியே ஒத்துக்கொண்டதில்லை, கடைசியில் நானும் ஒத்துக்கொள்ளாமல் போனேன் என்று ஓர் ஆடிட்டரிடம் எந்தப் பெண் சொல்வாள்?

"அதுக்கு நாளைக்குப் பதில் சொல்றேன் சார். யாரோட எண்ணுங்கறதையும் சொல்றேன். சொல்லப் போறேன்னு முதல்ல அவங்ககிட்ட சொல்லணும்."

"நாளைக்குக் காலையில முடிவுக் கூட்டம்" என்றார் ஆடிட்டர். "இன்னும் ஒரு ஏன் பாக்கி இருக்கு. மறந்துடாதீங்க."

அவள் பாட்டுக்காரியின் பக்கம் திரும்பினாள். பேச வேண்டிய வார்த்தைகளையெல்லாம் மதியமே மனசுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். "என்னை..." என்று ஆரம்பித்தாள்.

பாட்டுக்காரி கையில் இருந்த ஜாடியைக் கவிழ்த்து வைத்தாள். "ஒரு மாசமாகும் மேடம், நான் என் கையையே நம்பி. சின்னவளுக்கு ஜுரம் வந்தப்போ மருந்தை நான் அளந்து கொடுக்கலை. அவரைக் கொடுக்கச் சொன்னேன்." குரலில் கோபம்கூட இல்லை. "எனக்கு இப்ப ஒண்ணும் சொல்லத் தெரியல."

ஒட்டும் பாயைத் தாண்டி, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத எனக்கும் ஆசைதான். அவள் மன்னிக்கவில்லை.

வெளியே வந்ததும் இயக்குநர் அவளைத் தன் அறைக்கு அழைத்துப் போனார். அங்கீகாரம் போனால் எத்தனை பேர் வேலை ஆட்டம் காணும் தெரியுமா, வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் எல்லாம் மறந்துபோயிருக்கும் என்றெல்லாம் பொரிந்து தள்ளினார். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். அவர் மேஜையில் பேனா கோணலாகக் கிடந்தது. இன்றைக்கு அவள் அதை நேராக்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தம்பிக்கு போன் போட்டு, "வீட்டுக்கு வா. இப்பவே" என்றாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை.

வீட்டில் அப்போதுதான் விளக்குப் போட்டிருந்தார்கள். தம்பி அவளுக்கு முன்னால் வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். அப்பா கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, தலையை அண்ணாந்தபடி இருந்தார்.

"வந்துட்டியா? ஆடிட் எப்படிம்மா?"

"தோத்துட்டேன்ப்பா."

அப்பா தலையை நிமிர்த்தினார். மருந்து கன்னத்தில் வழிந்தது. "அதான் காலையிலயே சொன்னேனே, தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேளுன்னு. கேட்டியா?"

"கேட்டேன்ப்பா" என்றாள். "அதனாலதான் தோத்தேன்."

அவளுக்கு அழுகை வரும் என்று நினைத்திருந்தாள். வரவில்லை. கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னாள். சனிக்கிழமை வந்த அறுபத்திரண்டு. துணி மடிக்கும்போது விழுந்த எழுபத்தொன்று. திங்கட்கிழமை மாற்றிய கோப்பு. ஒரு மாதமாக அடுத்தவள் சுமந்த பழி. சொல்லச் சொல்ல அவமானம் குறையும் என்பார்கள். அவளுக்குக் குறையவில்லை, கூடிக்கொண்டேதான் போனது. ஆனாலும் நிறுத்தவில்லை.

அப்பாவுக்கு எல்லாம் புரிந்ததா தெரியாது. ஒன்று மட்டும் பிடிபட்டது. "அப்போ நீ முதல்ல போட்டது..."

"சரிப்பா. சரியான விடை அறுபத்தொண்ணு."

"நீயேவா போட்டே?"

"நானேதான்ப்பா."

அப்பா கன்னத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார். அது மருந்தா வேறேதாவதா என்று அக்கா பார்க்கவில்லை. வாயைத் திறந்தார், பழக்க தோஷத்தில் மகன் பக்கம் திரும்பினார், பிறகு என்ன கேட்பது என்று தெரியாமல் திறந்த வாயை மூடிக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் அப்படித் தடுமாறி அவள் பார்த்ததில்லை.

"நாளைக்கு உன் பேரைச் சொல்லப் போறேன்டா" என்றாள் தம்பியிடம். "சொல்லாம இருக்க முடியாது. உன் எண்ணைப் பாத்துத்தான் மாத்தினேன்னு சொல்லணும். முன்கூட்டியே உனக்குத் தெரியணும்னுதான் கூப்பிட்டேன். திட்டறதுன்னா திட்டிக்கோ."

தம்பி திட்டவில்லை. காலையில் வாய் ஓயாமல் பேசியவன் இப்போது தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன வயதில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் அப்படித்தான் பார்ப்பான். அக்காவுக்கு அது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"அறுபத்திரெண்டா வந்துச்சு உனக்கு?" என்றான், ரொம்ப மெதுவாக.

"ஆமா."

"அதை அழிச்சுட்டா என் எண்ணைப் போட்டே?"

"ஆமாண்டா. எத்தனை தடவை சொல்றது?"

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "என் எண்ணுன்னு சொல்லாதேக்கா."

"பின்னே யாரோடதாம்?"

காலையில் குழாயைத் திறந்து மூடிய கை அவளுக்கு ஞாபகம் வந்தது. பொடி குறைச்சலாக 'இருந்திருக்கும்' என்றான். ஒரு தடவையாவது ஜாடியைக் கண்ணால் பார்த்தவன் 'இருந்துச்சு' என்றல்லவா சொல்லியிருப்பான்?

"நீ அந்த ஜாடியை அளந்தியா, இல்லையா?"

அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி கையை எடுத்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் அக்காவுக்கு, இன்று மதியம் தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்துவிட்டது.

"அந்தப் பார்சல் எங்க ஸ்டோர் ரூம்லதான் இருக்கு" என்றான். "இன்னும் பிரிக்கவே இல்லைக்கா. எழுபத்தொண்ணு வேற ஒரு ஆய்வகத்துல கேட்டு வாங்கினது."

அப்பாதான் முதலில் அசைந்தார். எழுந்து, தட்டுத்தடுமாறி வந்து, மகனைத் தாண்டி, மகள் பக்கத்தில் நின்றார்.

"கேளும்மா" என்றார். "நீ கேளு அவனை."

அக்கா கைப்பையைக் கீழே வைத்தாள். அவன் பிறந்ததிலிருந்து தம்பியிடம் அவள் எத்தனையோ கேட்டிருக்கிறாள். இந்த ஒரு வார்த்தையை மட்டும் கேட்டதே இல்லை.

"ஏன்?" என்றாள்.